பத்து மீட்டருக்குக் கீழே

காலை 6.53.

முதலில் கரைக்கு வந்தது அலைச்சறுக்குப் பலகை. அதன் பின்னால்தான் சுழி வந்தாள்.

கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு அறுந்திருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள். முகம் தண்ணீருக்குள் இருந்தது. இடப்பக்கம் காதிலிருந்து புருவம் வரை பிளந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஓடி அவளைப் புரட்டிய பஞ்சர் அக்கா, மூச்சு இருக்கிறது என்று கத்தினாள். கரையில் நின்ற இருபது பேரில் பதினெட்டுப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதி இரண்டு பேர் பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சர் அக்காவுக்கும் டயருக்கும் சம்பந்தமில்லை. அலைச்சறுக்குப் பலகைகள் உடைந்தால் ஒட்டித் தருவது அவள் தொழில். கடை கடற்கரைக் காவல் கோபுரத்தின் அடியிலேயே இருந்ததால், கோபுரத்துச் சாவியும் அவளிடமே இருந்தது. அந்தப் பொறுப்பை அவளிடம் யாரும் ஒப்படைத்ததாக நினைவில்லை. ஆணி காலியாக இருந்தது, யாரோ மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சுழிக்கு இருபத்து மூன்று வயது. மறுநாள் நடக்கவிருந்த இறுதிப் போட்டியில் அவள்தான் ஜெயிப்பாள் என்று அவளோடு மோதவிருந்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது கோபுரத்துப் படிகளில் ஒருவன் தடதடவென்று உருண்டு வராத குறையாக இறங்கி வந்தான். சுழியின் தம்பி. எந்நேரமும் எதையாவது பறக்கவிட்டுக்கொண்டிருப்பதால் குருவி என்று பெயர். ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் இறக்கை உடைந்த ட்ரோன்.

"நான்தான் இடிச்சுட்டேன்" என்றான்.

அதை யாரும் கேட்கவில்லை. அதனால் இன்னும் மூன்று முறை சொன்னான்.

காலை 9.30.

இன்ஸ்பெக்டர் திருப்தியாக இருந்தார். குற்றவாளி, ஒப்புதல், ஆதாரம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வழக்கு அவருக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. ஷூவைக் கழற்றி மணலைக் குப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டே விசாரித்தார்.

"எத்தனை மணிக்கு ஏத்தின?"

"ஆறே காலுக்கு சார்."

"எதுக்கு?"

"அக்கா சறுக்குறதை எடுக்க. பயிற்சி வீடியோ."

"இடிச்சது வீடியோல இருக்கா?"

"இல்ல சார். பலகை மேல எழுந்து நின்னாத்தான் ரெக்கார்ட் போடுவேன். கை போட்டு உள்ள நீந்திப் போறதை யாரும் எடுக்க மாட்டாங்க. அப்போ அவ நீந்திட்டுதான் இருந்தா."

"அப்புறம் நீதான் இடிச்சன்னு எப்படித் தெரியும்?"

குருவி சொன்னதன் சாரம் இது. அக்காவின் தலைக்கு நேர் மேலே ட்ரோனை நிறுத்தியிருந்தான். 6.51க்கு ரிமோட்டில் படம் உறைந்தது. பக்கத்தில் வேறு ரிமோட் ஓடினால் சில நேரம் அப்படி நிற்கும். பதினோரு விநாடி. படம் திரும்ப வந்தபோது தண்ணீர் சிவப்பாக இருந்தது. அவசரமாக ட்ரோனைத் திருப்பியதில் கோபுரத்துக் கம்பியில் மோதி இறக்கை உடைந்தது. அந்தப் பதினோரு விநாடியில் தன் ட்ரோன் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

அதை ட்ரோனே ஒப்புக்கொண்டது. அதன் பதிவைக் கணினியில் திறந்தார்கள். 6.52, சுழி இருந்த அதே இடம், உயரம் 1.8 மீட்டர்.

கடற்கரையில் ஆளுயர அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது: 'ட்ரோன்கள் பத்து மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது.' அதைக் கையெழுத்துப் போட்டு நட்டவர் போட்டியின் பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் விசில், கையில் ரிஜிஸ்டர். வணக்கம் சொன்னாலும் பதிலுக்குப் பத்து மீட்டர் என்பார். ஆகவே ஊரே அவரைப் பத்து மீட்டர் என்றே கூப்பிட்டது. அவரிடமும் ஒரு ட்ரோன் உண்டு. தினமும் காலையில் சுறா வருகிறதா என்று கரையோரமாக ரோந்து போகும். இதுவரை வந்ததில்லை. அதை அவர் தன் சாதனையாகக் கருதினார்.

அவர் ஸ்டேஷனுக்கு வந்து ரிஜிஸ்டரைக் காட்டினார். அன்றைய தேதியில் தெளிவாக இருந்தது: ரோந்து 6.40 முதல் 7.00. உயரம் பத்து மீட்டர். சுறா இல்லை. ட்ரோன் பத்திரமாகத் திரும்பியது.

"இந்தப் பசங்களுக்கு எத்தனை தடவை சொல்றது சார்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

சுழியின் அப்பா பஸ் டிரைவர். ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உள்ளே பயணிகள் ஏழு பேர். யாரும் இறங்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மகனுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அது வெறும் சுவர். ஒன்றரை மணி நேரம் பார்த்தார்.

நான்கு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகவும், அதற்குள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். இப்போதே போடுகிறேன் என்றான் குருவி. பேனா எழுதவில்லை. வேறு பேனா வாங்கிவர ஆள் போனது.

காலை 11.10.

சுழியின் பலகை கடை வாசலில் கிடந்தது. அதை அங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று தெரியவில்லை. உடைந்த பலகை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பஞ்சர் அக்கா அதைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, ஈரத்துணியால் துடைத்தாள். மனசு சரியில்லாதபோது அவளுக்குக் கை சும்மா இருக்காது. மேல்பரப்பை விரலால் தடவினாள். கால் வழுக்காமலிருக்கப் பூசும் மெழுகு பூசியபடியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பிறகு விளிம்பைத் தடவினாள். விரல் நின்றது.

இடப்பக்க விளிம்பில் ஐந்து வெட்டுகள். வரிசையாக, ஒரே உயரத்தில், முன்பக்கமிருந்து பின்பக்கமாக. ரொட்டி நறுக்கியதுபோல.

இருபது வருஷமாகப் பலகைக் காயம் பார்ப்பவள் அவள். பாறையில் மோதியதா, இன்னொரு பலகை குத்தியதா, வீட்டில் சண்டை போட்டு மிதித்ததா என்று பார்த்தவுடன் சொல்வாள். மேலிருந்து விழுந்த பொருள் மேல்பரப்பில்தான் விழும். விளிம்பை மட்டும் வெட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில், தண்ணீரை ஒட்டி வரவேண்டும்.

சுழி கடலைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் என்றால் கரையோரமாக. வடக்கிலிருந்து தெற்கே.

அக்கா நிமிர்ந்தாள். கடைக்கு வெளியே, கோபுரத்தின் காலருகே மணலில், வட்டமான ஆரஞ்சு நிறப் பாய் ஒன்று விரித்துக் கிடந்தது. காலையில் சுழியை நோக்கி ஓடும்போது அதில்தான் கால் தடுக்கியது. ட்ரோன் ஏறி இறங்குவதற்கான ரப்பர் பாய். அதன் மேல் இப்போது இரண்டு விரல் கனத்துக்கு மணல் சேர்ந்திருந்தது. ஒரு நாய் படுத்திருந்தது.

அக்கா கோபுரத்தில் ஏறினாள். மேலே தரை சிறியது, ஒரு பாய்க்குத்தான் இடம். சுவரில் நீலச் சாக்பீஸால் பத்து மீட்டரின் கையெழுத்து இருந்தது. போட்டி தொடங்கிய முதல் நாள் அளவு டேப்பைத் தொங்கவிட்டு அவர் அளந்தபோது பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

'இந்தத் தரை: கடலிலிருந்து 9 மீ.'

வாசித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

பகல் 1.15.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்றார். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்றும் சொன்னார். இதை ஸ்டேஷனில் இருந்தபடி தொலைபேசியில் கேட்டுக்கொண்ட அப்பா சரி, சரி, சரி என்று மூன்று முறை சொன்னார். வைத்த பிறகு நான்காவது முறையும் சொன்னார்.

குருவி வாக்குமூலத்தை வாசிக்கவே இல்லை. புதுப் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

வாசலில் ஏதோ கதவில் இடித்தது. எட்டடி நீளப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஞ்சர் அக்கா உள்ளே வர முயன்றுகொண்டிருந்தாள்.

"மூடியைப் போடுடா" என்றாள்.

பகல் 2.40.

பத்து மீட்டரை மறுபடி வரவழைத்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு விருப்பமில்லைதான். ஆனால் மேஜைமேல் கிடந்த பலகையைத் தாண்டி அவரால் வேறு எந்த வேலையும் பார்க்க முடியவில்லை.

அக்கா முதலில் குருவியிடம் கேட்டாள்.

"உன் ட்ரோனுக்கு உயரம்னா என்ன? எங்க இருந்து கணக்கு?"

"ஏத்துற இடத்துல இருந்துக்கா. எங்க வைக்கிறோமோ அது பூஜ்யம்."

"இன்னைக்கு எங்க வச்ச?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது சிவப்புத் தண்ணீர் மட்டும்தான், கணக்குக்கு அங்கே இடமில்லை.

"கோபுரத்து மேல" என்றான் மெதுவாக.

"ஒன்பது மீட்டர் கோபுரம். அதுக்கு மேல ஒண்ணு புள்ளி எட்டு. கூட்டுங்க சார்."

இன்ஸ்பெக்டர் கூட்டினார். விரல்களும் போதவில்லை, காகிதத்தில் போட்டார். பத்து புள்ளி எட்டு வந்தது. இன்னொரு முறை கூட்டினார். அதுவேதான் வந்தது.

"கடற்கரையிலேயே உங்க விதியை மதிச்ச ஒரே ஆள் இவன்தான்" என்று அக்கா பத்து மீட்டரிடம் சொன்னாள். அவர் விசிலைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவள் பலகையின் விளிம்பைக் காட்டினாள். தண்ணீரை ஒட்டி, கரையோரமாக வந்த இன்னொரு ட்ரோனின் இறக்கை வெட்டியது. அப்படிப் போகும் ட்ரோன் கடற்கரையில் ஒன்றே ஒன்று. இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அதில் அன்றைய பக்கத்துக்கு அடுத்த பக்கமும் நிரம்பியிருந்தது. அதற்கடுத்ததும். வாரக் கடைசிவரை சுறா இல்லை.

"சார், உங்க ட்ரோன் எங்க?" என்று அக்கா பத்து மீட்டரிடம் கேட்டாள்.

"சர்வீஸுக்கு அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"ஏழு மணிக்கு இறங்கினதும்."

"எங்க இறங்குச்சு?"

"பாய்லதான்."

"அந்தப் பாய் இன்னும் மணல்ல கிடக்கு. நாய் படுத்திருக்கு. இறங்கியிருந்தா பாயைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிருப்பீங்க. மூணு நாளும் அப்படித்தான் பண்ணீங்க. இன்னைக்கு அது திரும்பியே வரலை. கடல்ல கிடக்கு."

பத்து மீட்டர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆறே முக்கால்ல இருந்து எங்க இருந்தீங்க?"

"டீக்கடையில."

"அப்போ ட்ரோனை யாரு ஓட்டினது?"

"யாரும் ஓட்ட வேண்டாம்மா. முதல் நாளே ரூட் போட்டு டேப்லெட்ல சேமிச்சுட்டேன். பட்டனை அமுக்கினா அதுவே போய், அதுவே வரும்."

"முதல் நாள் எங்க இருந்து ஏத்திப் போட்டீங்க?"

"கோபுரத்துல இருந்து."

"உயரம்?"

"பத்து மீட்டர்."

"டேப்லெட்ல போட்ட நம்பர் என்ன சார்?"

வெளியே பஸ்ஸில் யாரோ இருமினார்கள். அந்த ஆள் கெட்டவர் இல்லை என்பதுதான் அப்போது பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் உதடு அசைந்தது. ஒன்பதையும் ஒன்றையும் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு ஒன்பதை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

மூன்று நாள் அது சரியாக இருந்தது. கோபுரம் ஒன்பது, ட்ரோன் ஒன்று, மொத்தம் பத்து, விதிக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை. நான்காம் நாள் பாயை மணலில் விரித்து, அதே பட்டனை அமுக்கினார். ட்ரோன் சொன்னதைச் செய்தது. மணலிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், நெஞ்சளவு அலைகளுக்கு நடுவே, நீந்திக்கொண்டிருந்தவர்களின் முகத்தளவில் போனது. சுறாவைத் தேடிக்கொண்டு.

"நான் எதுவுமே பண்ணலையே சார்" என்று பத்து மீட்டர் அழுதார். அங்கிருந்த யாராலும் அதை மறுக்க முடியவில்லை. அதேதான் குற்றச்சாட்டும்.

அப்பா எழுந்தார். குருவியின் முன்னால் போய் நின்றார். அடிப்பார் என்று ஏட்டு ஒருவர் பாதி எழுந்தார். அப்பா மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"வாடா, பஸ்ஸுல எல்லாரும் உக்காந்திருக்காங்க" என்றார்.

மாலை 4.20.

இன்ஸ்பெக்டர் படிவத்தோடு போராடிக்கொண்டிருந்தார். 'வாகனத்தை ஓட்டியவர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஓட்டியவர் டீக்கடையில் இருந்தார். 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதி, வாசித்துப் பார்த்து, அடித்தார். மேலதிகாரிக்குப் போன் செய்தார். மேலதிகாரி அவருடைய மேலதிகாரிக்குப் போன் செய்தார். கடைசியில் 'விசாரணை நிலுவையில்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பத்து மீட்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டேப்லெட் போட்டிக் குழுவின் சொத்து என்பதால் ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். ஆதாரமாகப் பாயை வைத்துக்கொண்டார்கள்.

சாட்சிக் கையெழுத்துப் போடும்போது அக்கா நிறுத்தினாள்.

"இன்னொண்ணு இருக்கு சார். அவர் ஏன் இன்னைக்கு மட்டும் மணல்ல இருந்து ஏத்தினாருன்னு நீங்க கேக்கவே இல்ல."

"ஏன்?"

அவள் சொன்னாள். முந்தைய நாள் குருவியின் ட்ரோன் மோட்டாரில் மணல் புகுந்து கரகரவென்று சத்தம் போட்டது. பாவமாக இருந்தது. நாளைக்கு மேலே இருந்து ஏற்றிக்கோடா என்று சாவியைக் கொடுத்தாள். காலை ஆறரைக்குப் பத்து மீட்டர் வந்து சாவி கேட்டார். தம்பி மேலே இருக்கிறான், ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார் என்றாள். அவரும் நல்ல மனுஷன், சரிம்மா என்றார். அந்த நம்பர் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பின்பக்கமும் திருப்பினார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்றார்.

மறுநாள் காலை 6.35.

இறுதிப் போட்டி தள்ளிவைக்கப்படவில்லை. நேற்றைய வருந்தத்தக்க சம்பவத்தை முன்னிட்டுப் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டிருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. கோபுரம் குற்றம் நடந்த இடம் என்று நாடா கட்டி மூடப்பட்டிருந்தது. பயிற்சிக்காகப் பதினாறு பேர் தண்ணீரில் இருந்தார்கள்.

அக்கா கடையைத் திறந்தபோது, கோபுரத்தின் காலருகே மணலில் புதிய நீலப் பாய் ஒன்றை ஒருவர் விரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் புது விசில். பாயின் நடுவே புது ட்ரோன்.

"புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க, இன்னைக்குத்தான் பொறுப்பு எடுத்தேன்."

"ரூட் போட்டாச்சா?"

"அது பழைய டேப்லெட்லயே இருக்காம். பட்டனை அமுக்கினாப் போதும்னாங்க."

அக்கா சொன்னாள். ஒன்பது, ஒன்று, பத்து என்று மணலில் விரலால் எழுதியே காட்டினாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். உயரத்தை மாற்றுகிற அதிகாரம் தனக்கு இல்லை, குழுவிடம் எழுதிக் கொடுங்கள், அவர்கள் மதியம் கூடுவார்கள் என்றார். அப்புறம் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். அன்றைய தேதியில் ஏற்கெனவே எழுதியிருந்தது: உயரம் பத்து மீட்டர்.

தண்ணீரில் ஒரு பெண் கடலைப் பார்த்து நீந்த ஆரம்பித்தாள்.

அவர் பட்டனைத் தேடினார். அக்கா குனிந்தாள். பாயிலிருந்து ட்ரோனை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். கடைக்குள் போய், சுழியின் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

7.10க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலிக்கு எதிரே நின்று ஒரு ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார். போட்டிக் குழு இன்னொரு ட்ரோன் அனுப்பியிருப்பதாகவும், அது எட்டு மணிக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்.

"அந்த ட்ரோனை நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அவங்க அனுமதி இல்லாம?"

"இல்லாம."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். படிவத்தை உள்ளங்கையில் வைத்து எழுத ஆரம்பித்தார். பொருள், நேரம், இடம், எடுத்தவர். எல்லாவற்றுக்கும் தெளிவான கட்டம் இருந்தது. மூன்றே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பின்னால் கடலில் பதினாறு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு இன்னும் நாற்பத்தேழு நிமிஷம் இருந்தது.